பிக்கப்புக்கு கோல்ட் ஏர் இன்டேக்: வாங்குமுன் அளப்பதிலிருந்து மாட்டியபின் சரிபார்ப்பது வரை

கோல்ட் ஏர் இன்டேக் என்பது, வெளியிலுள்ள குளிர்ந்த காற்றை எஞ்சினுக்குக் கொண்டுவர, கம்பெனி ஏர் பாக்ஸுக்கு (ஃபில்டர் இருக்கும் பெட்டிக்கு) பதிலாக மாட்டும் ஃபில்டரும் குழாயும் சேர்ந்த கிட். அதை வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் பார்ப்பது பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் குதிரைத்திறன் கணக்கை. அதைக் கடைசியில் பார்த்தால் போதும். ஃபில்டரைச் சுற்றி அடைப்பு (காற்று கசியாத சீல்) சரியாக இருக்கிறதா, சென்சார் உட்காரும் இடத்தில் குழாயின் விட்டம் மாறாமல் இருக்கிறதா, வெளிக்காற்று எந்த வழியாக உள்ளே வருகிறது: எஞ்சினின் ஆயுளையும் இழுவையையும் இந்த மூன்றும்தான் தீர்மானிக்கின்றன.

இங்கே சொல்வது அமெரிக்கச் சாலைகளில் ஓடும் பெட்ரோல் பிக்கப்புகளுக்கு: ஃபோர்டு எஃப்-150, செவ்ரோலே சில்வராடோ, ராம் 1500 போன்றவை. டீசல் வண்டிக்குச் சில விஷயங்கள் வேறு. அவை 7ஆம் பகுதியில் இருக்கின்றன.

1. என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது

மைலேஜுக்காக வாங்குவதாக இருந்தால் வாங்க வேண்டாம். நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது, எஞ்சினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் தகடு பாதிக்கு மேல் மூடியே இருக்கும். காற்றைத் தடுத்து நிறுத்துவது அந்தத் தகடுதான், ஃபில்டர் அல்ல. 2009இல் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் அடைத்துப்போன ஃபில்டர்களோடு வண்டிகளைச் சோதித்தது. இன்ஜெக்‌ஷன் உள்ள நவீன பெட்ரோல் எஞ்சின்களில் மைலேஜ் குறிப்பிடும்படி குறையவில்லை. வேகம் எடுப்பதுதான் மந்தமானது. அடைத்த ஃபில்டரே மைலேஜைக் கெடுக்காதபோது, சுத்தமான ஃபில்டரைவிட அகலமான ஒன்று அதைக் கூட்டப் போவதில்லை.

கிடைப்பவை வேறு. ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது மேல் ஆர்பிஎம்மில் கொஞ்சம் கூடுதல் இழுவை வரும். எஞ்சின் காற்றை இழுக்கும் ஓசை தெளிவாகக் கேட்கும். கழுவிப் பலமுறை பயன்படுத்தும் ஃபில்டர் அமையும். இவை போதும் என்றால் மேலே படியுங்கள்.

2. முதலில் பழைய ஏர் பாக்ஸை அளந்து பாருங்கள்

பெரும்பாலோர் தாண்டிப் போய்விடும் படி இது. இன்றைய பிக்கப்புகளில் கம்பெனி ஏர் பாக்ஸ் பெரும்பாலும் ஃபெண்டர் உள்ளிருந்தோ கிரில் ஓரத்திலிருந்தோ வெளிக்காற்றைத்தான் எடுக்கிறது. அதாவது, அதுவே ஒரு கோல்ட் ஏர் இன்டேக். அது எவ்வளவு தடுக்கிறது என்று தெரியாமல் பல நூறு டாலர் போடுவது வீண்.

தேவையானவை: ஓபிடி போர்ட்டில் (எஞ்சின் கம்ப்யூட்டரின் அளவுகளைப் படிக்கும் சாக்கெட்டில்) செருகும் ஒரு புளூடூத் ரீடர், அளவுகளைப் பதிவு செய்யும் ஆப், புதிய காகித ஃபில்டர் ஒன்று. ஃபில்டரை முதலில் மாற்றுங்கள். பழைய அழுக்கு ஃபில்டரோடு அளந்தால் குறை ஏர் பாக்ஸினுடையதா அழுக்கினுடையதா என்று பிரித்தறிய முடியாது.

பிறகு இந்த மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, அழுத்தம். சாவியை ஆன் செய்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் மேனிஃபோல்டின் (த்ராட்டிலுக்கு அப்பால் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாயின்) அழுத்தத்தைப் படியுங்கள். அது அந்த ஊரின் காற்றழுத்தம். கடற்கரை ஊர்களில் ஏறத்தாழ 100 கிலோபாஸ்கல், டென்வர் போன்ற உயரத்தில் 83 வாக்கில். அடுத்து, போக்குவரத்து இல்லாத நெடுஞ்சாலை ஏற்றத்தில், வேக வரம்புக்குள், தாழ்ந்த கியரில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்து 5,000 ஆர்பிஎம் தாண்டும்போது அதே அளவைப் பதிவு செய்யுங்கள். ஓட்டுகிறவர் திரையைப் பார்க்கக் கூடாது; ஆப் பதிவு செய்யட்டும், வண்டியை நிறுத்தியபின் படியுங்கள்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஃபில்டர், குழாய், த்ராட்டில் எல்லாம் சேர்ந்து விழுங்கும் அழுத்தம். அது 2 கிலோபாஸ்கல் என்றால், மொத்தத் தடையையும் நீக்கினாலும் கூடும் திறன் ஏறத்தாழ 2 சதவீதம். சில்வராடோவின் 5.3 லிட்டர் வி8 தரும் 355 குதிரைத்திறனில் அது 7தான். அதிலும் ஒரு பங்கு த்ராட்டிலுக்குரியது; புதிய இன்டேக் அதைத் தொடாது. வித்தியாசம் 4, 5 கிலோபாஸ்கல் என்று வந்தால் மாற்றுவதில் பொருள் இருக்கிறது. டர்போ உள்ள ஃபோர்டின் ஈகோபூஸ்ட் எஞ்சின்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, ஏனென்றால் அங்கே மேனிஃபோல்டு அழுத்தத்தைத் தீர்மானிப்பது டர்போ.

இரண்டாவது, உள்ளே வரும் காற்றின் வெப்பநிலை. மணிக்கு 60 மைலில் பத்து நிமிடம் ஓட்டியபின் ஒரு முறை, நிறுத்தி எஞ்சின் ஓட பத்து நிமிடம் விட்டபின் ஒரு முறை. கூடவே வெளி வெப்பநிலையையும் எழுதுங்கள். 25 டிகிரி செல்சியஸ் காற்று 50 டிகிரிக்குச் சூடானால் அடர்த்தி ஏறத்தாழ 8 சதவீதம் குறைகிறது. சூடு ஏறினால் எஞ்சின் கம்ப்யூட்டர் இக்னிஷன் டைமிங்கையும் (தீப்பொறி விழும் நேரத்தையும்) பின்னுக்கு இழுக்கும், இழப்பு மேலும் கூடும்.

மூன்றாவது, நீண்டகால ஃபியூயல் ட்ரிம். இது கம்ப்யூட்டர் தன் எரிபொருள் கணக்கை எத்தனை சதவீதம் திருத்திக்கொள்கிறது என்பதைக் காட்டும். இரண்டு பேங்கும் (வி எஞ்சினின் இரு சிலிண்டர் வரிசைகளும்) ±5க்குள் இருந்தால் நல்லது. ஏற்கெனவே +10க்கு மேல் காட்டும் வண்டியில் எங்கோ காற்றுக் கசிவோ அழுக்கேறிய சென்சாரோ இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புதிய இன்டேக் மாட்டினால் பழி இன்டேக்கின் மேல் விழும்.

3. வண்டியில் மாஃப் சென்சார் உண்டா?

எஞ்சின் தனக்குள் போகும் காற்றை இரண்டு வழிகளில் கணக்கிடுகிறது. ஒன்று, குழாயில் உள்ள சூடான கம்பியைக் காற்று எவ்வளவு குளிர்விக்கிறது என்று பார்ப்பது. அதுதான் மாஃப் சென்சார். மற்றது, மேனிஃபோல்டின் அழுத்தம், வெப்பநிலை, ஆர்பிஎம் மூன்றையும் வைத்துக் கணிப்பது. எஃப்-150இன் 5.0 வி8, சில்வராடோவின் 5.3 ஆகியவற்றில் மாஃப் உண்டு. ராமின் 5.7 ஹெமியில் கிடையாது. அதில் குழாயில் செருகியிருப்பது வெப்பநிலை சென்சார் மட்டுமே.

மாஃப் உள்ள வண்டியில் அந்த சென்சார் உட்காரும் இடத்தின் உள்விட்டம் உயிர்நாடி. கம்பி தன்னைத் தொடும் காற்றை மட்டுமே அளக்கிறது. மொத்தக் காற்றைக் கம்ப்யூட்டர் குழாயின் பரப்பை வைத்து ஊகிக்கிறது. 80 மி.மீ. குழாய்க்குப் பதில் 84 மி.மீ. வந்தால் பார்க்க அற்ப வித்தியாசம். பரப்போ 10 சதவீதம் கூடிவிடும். சென்சார் ஏறத்தாழ 9 சதவீதம் குறைவாகச் சொல்லும், எரிபொருளும் அந்த அளவு குறைவாகப் போகும். கம்ப்யூட்டர் ஃபியூயல் ட்ரிம்மை ஏற்றிச் சமாளிக்கப் பார்க்கும். முடியாதபோது பி0171, பி0174 என்ற பிழைக் குறியீடுகளோடு செக் எஞ்சின் விளக்கு எரியும்.

எனவே பழைய குழாயின் அந்த இடத்தை வெர்னியரால் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். விற்பவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ட்யூன் இல்லாமல் ஓடுமா? 'ட்யூன் கட்டாயம்' என்று விவரத்தில் இருந்தால், கம்ப்யூட்டரைத் திருத்தி எழுதும் செலவையும் அதன் சட்டச் சிக்கலையும் சேர்த்தே விலை பாருங்கள். தினசரி ஓட்டும் பிக்கப்புக்கு ட்யூன் கேட்கும் கிட் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

4. சட்டமும் வாரண்டியும்

கலிஃபோர்னியாவில் இன்டேக் கிட்டுக்கு அம்மாநிலக் காற்று வள வாரியமான 'கார்ப்' தரும் எக்ஸிக்யூட்டிவ் ஆர்டர் எண் வேண்டும். அது 'டி' என்ற எழுத்தில் தொடங்கும். கிட்டோடு வரும் ஸ்டிக்கரை பானட்டுக்குக் கீழே கண்ணில் படும் இடத்தில் ஒட்ட வேண்டும், ஏனென்றால் ஸ்மாக் சோதனையில் (வண்டியின் புகை உமிழ்வுச் சோதனையில்) கண்ணால் பார்ப்பதும் ஒரு பகுதி.

இங்கே பலர் சறுக்குவது ஒரே மாதிரி: அந்த பிராண்டுக்கு எண் உண்டு என்று பார்த்துவிட்டு வாங்குகிறார்கள். எண் பிராண்டுக்கு உரியதல்ல. குறிப்பிட்ட பாகத்துக்கு, குறிப்பிட்ட ஆண்டுக்கு, குறிப்பிட்ட எஞ்சினுக்கு. கார்ப்பின் தளத்தில் அந்த ஆர்டரைத் திறந்து, உங்கள் பாக எண்ணும் வண்டி ஆண்டும் அட்டவணையில் இருக்கிறதா என்று பாருங்கள். வேறு மாநிலத்தில் இருந்தாலும் எண் உள்ளதையே வாங்குவது நல்லது. வண்டியை விற்கும்போதோ குடிபெயரும்போதோ தொல்லை இருக்காது.

வாரண்டி பற்றி வீண் பயம் உலவுகிறது. 1975ஆம் ஆண்டின் மேக்னஸன்-மாஸ் வாரண்டி சட்டப்படி, வெளிப்பாகம் மாட்டியிருக்கிறீர்கள் என்பதற்காக மட்டும் வாரண்டியை மறுக்க முடியாது. அந்தப் பாகம்தான் கோளாறுக்குக் காரணம் என்று காட்ட வேண்டும். ஆனால் தூசி தின்ற பிஸ்டன் ரிங்கோ எண்ணெய் படிந்த மாஃப் சென்சாரோ இருந்தால் அதைக் காட்டுவது கடினமல்ல. அடுத்த இரண்டு பகுதிகளும் அதனால் முக்கியம்.

5. ஏர் பாக்ஸ்: திறந்ததா, மூடியதா

பானட்டுக்குள் ஒரு கூம்பு ஃபில்டர், பக்கத்தில் ஒரு தகரத் தடுப்பு: இது திறந்த வகை. விலை குறைவு, ஓசை அதிகம். வண்டி நிற்கும்போதும் சுமை இழுத்து மெதுவாக ஏறும்போதும் ரேடியேட்டர் விசிறி தள்ளும் வெப்பக் காற்றை அது உறிஞ்சும். டிரெய்லர் இழுப்பவருக்கு இழுவை தேவைப்படும் நேரமும் அதுவே. பனிப்பிரதேசத்தில் தூள்பனி திறந்த ஃபில்டரில் நேராகப் படிந்து அடைக்கவும் செய்யும்.

மூடிய பெட்டி வகையில் ஃபில்டர் மூடிக்குள் இருக்கும். காற்று வருவது ஃபெண்டர் வழி ஒன்றே. பிக்கப்புக்கு இதைத்தான் பரிந்துரைக்கிறேன். எஸ் அண்ட் பி, வோலன்ட் போன்றவர்கள் இவ்வகையில் கிட் தருகிறார்கள்; மூடியில் கண்ணாடி போன்ற ஜன்னல் இருந்தால் திறக்காமலே ஃபில்டரின் நிலை தெரியும்.

பெட்டியைப் பார்க்கும்போது காற்று நுழையும் வாயின் பரப்பைக் கணக்கிடுங்கள். 90 மி.மீ. குழாயின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 64 சதுர செ.மீ. நுழைவாய் அதற்குக் குறைந்தால் பெரிய ஃபில்டரும் பெரிய குழாயும் வீண். ஒன்றரை மடங்கு, அதாவது 95 சதுர செ.மீ. இருந்தால் நிம்மதி. சில கிட்டுகளில் பழைய ஏர் பாக்ஸ் பயன்படுத்திய ஃபெண்டர் துளையைத் தகரத் தடுப்பே பாதி மறைத்துவிடுகிறது. பொருத்தும் விளக்கத் தாளைக் கம்பெனியின் தளத்திலிருந்து முன்கூட்டியே எடுத்துப் படத்தில் இதைப் பாருங்கள்.

ஃபில்டர் எவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்பதையும் பாருங்கள். படகை நீரில் இறக்குபவர்கள், ஓடை கடப்பவர்கள் பம்பருக்குப் பின்னால் கீழே தொங்கும் ஃபில்டரை வாங்கவே கூடாது. தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் அதை அமுக்க முடியாது. கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

6. ஃபில்டர்: எண்ணெய் பூசியதா, உலர்ந்ததா

பருத்தி வலையில் எண்ணெய் பூசியது ஒரு வகை. கே அண்ட் என்னின் சிவப்பு ஃபில்டர் எல்லோருக்கும் தெரியும். செயற்கை இழையால் ஆன உலர் வகை இன்னொன்று. பல கம்பெனிகள் ஒரே கிட்டை இரு வகை ஃபில்டரோடும் விற்கின்றன. பாக எண் மட்டும் மாறும், கவனித்து ஆர்டர் செய்யுங்கள்.

மாஃப் உள்ள வண்டிக்கும் தூசி மிகுந்த ஊருக்கும் உலர் வகை. புதிய எண்ணெய் ஃபில்டர் அப்படியே ஓடும். தொல்லை தொடங்குவது முதல் முறை கழுவி எண்ணெய் பூசும்போது. நிறம் பரவட்டும் என்று மேலும் மேலும் ஊற்றுகிறார்கள். மிகுதி எண்ணெய் காற்றோடு போய் மாஃப் கம்பியில் படிந்து, தூசியைப் பிடித்துக்கொண்டு அளவைக் கெடுக்கிறது. எண்ணெய் வகைதான் வேண்டும் என்றால் ஒவ்வொரு மடிப்பிலும் ஒரே கோடு விடுங்கள், இருபது நிமிடம் ஊறவிடுங்கள், வெளிறிய இடத்துக்கு மட்டும் மறுபடி கொடுங்கள்.

வடிகட்டும் திறனை ஒப்பிட ஐஎஸ்ஓ 5011 சோதனை முடிவைக் கேளுங்கள். அதில் எந்தத் தூசியால் சோதித்தார்கள் என்பதையும் பாருங்கள்: பருமனான தூசியில் 99 சதவீதம் என்பது நுண்தூசியில் 99 சதவீதத்துக்கு ஈடாகாது. சோதனை முறையைச் சொல்லாமல் சதவீதம் மட்டும் சொல்பவரை நம்ப வேண்டாம்.

மறு பக்கம் ஒன்று. 2ஆம் பகுதியின் அளவு சிறிதாக வந்தவர்கள், பழைய பெட்டியிலேயே உட்காரும் கழுவக்கூடிய ஃபில்டர் ஒன்றை வாங்கி நிறுத்திக்கொள்ளலாம். கிட்டின் விலையில் சிறு பங்கு. சீல் கம்பெனியின் சீலாகவே இருக்கும்.

7. டீசல் பிக்கப்

டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைப்போல த்ராட்டிலை மூடி ஓடுவதில்லை. குறைந்த வேகத்திலும் ஏராளமான காற்றைக் குடிக்கும். அதனால் ஃபில்டரின் சீலில் சிறு குறை இருந்தாலும் மணல் புகுந்து டர்போவின் கம்ப்ரெஸர் இறக்கைகளை அரித்துவிடும். இங்கே காற்றோட்டத்தைவிட வடிகட்டும் திறனுக்கே முதலிடம். எஞ்சின் ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்பி சிலிக்கான் அளவைக் கிட் மாட்டுமுன் ஒரு முறை, அடுத்த ஆயில் மாற்றத்தில் ஒரு முறை பாருங்கள். சிலிக்கான் ஏறியிருந்தால் தூசி உள்ளே போகிறது. புதிய சிலிக்கோன் ஹோஸ்களும் கேஸ்கெட் பசையும் சிலிக்கானைக் கொஞ்சம் ஏற்றும் என்பதால், கூடவே இரும்பும் (உலோகத் தேய்மானத்தின் அடையாளம்) ஏறியிருக்கிறதா என்று சேர்த்துப் படியுங்கள்.

8. குழாய்

அலுமினியம் சூடேறும், பிளாஸ்டிக் ஏறாது என்று நீண்ட வாதம் நடக்கிறது. ஓடும் வண்டியில் அது பெரிய விஷயமல்ல. 5.3 லிட்டர் எஞ்சின் 5,600 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 13,000 லிட்டர் காற்றை இழுக்கிறது, 60 செ.மீ. குழாயைக் காற்று கடப்பது ஒரு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்தில். அதற்குள் சூடேற நேரமில்லை. சிக்னலில் நிற்கும்போது மட்டும் அலுமினியம் பின்தங்கும். உள்சுவர் வழவழப்பாக இருப்பதும், மாஃப் சென்சாருக்கு முன்னால் குழாய் கொஞ்ச தூரம் நேராக ஓடுவதும் அதைவிட முக்கியம். வளைவை ஒட்டியே சென்சார் வைத்தால் காற்று சுழன்று வந்து அளவு தடுமாறும்.

9. மாட்டும் வரிசை

பானட்டைத் திறக்குமுன்: சாக்கெட் செட், டார்க்ஸ் பிட்கள், தட்டைத் திருப்புளி, டார்ச், நூல் பிரியாத சுத்தமான துணி, மாஃப் கிளீனர் ஸ்ப்ரே. இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

1. எஞ்சின் முழுதாகக் குளிரட்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். சென்சாரைச் சாவி ஆனில் கழற்றினால் வீண் பிழைக் குறியீடு பதிவாகும்.

2. எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள். கிராங்க்கேஸ் காற்றுக் குழல் (எஞ்சினின் அடிப்பெட்டியிலிருந்து இன்டேக் குழாய்க்கு வரும் சிறு குழல்) எங்கே செருகியிருந்தது என்பதுதான் பிறகு மறக்கும்.

3. பழைய குழாயை எடுத்ததும் த்ராட்டில் வாயைத் துணியால் மூடுங்கள். துணியின் ஒரு முனை பானட் விளிம்புவரை நீண்டு தொங்கட்டும். எடுக்க மறந்தால் கண்ணில் படும். ஒரு சிறு நட்டு உள்ளே விழுந்தால் செலவு இந்தக் கிட்டின் விலையைத் தாண்டும்.

4. பழைய குழாயிலிருந்த சென்சாரைக் கழற்றிப் புதிய குழாயில் மாட்டுங்கள். அதன் மேல் காற்றின் திசைக்கு அம்புக்குறி இருக்கும். எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும். கம்பியை விரலால் தொடாதீர்கள். பிரேக் கிளீனரோ கார்புரேட்டர் கிளீனரோ வேண்டாம், மாஃப் கிளீனர் மட்டும். ராமில் வெப்பநிலை சென்சார் ரப்பர் வளையத்தில் செருகி நிற்கிறது. வளையம் முழுதாக உட்காராவிட்டால் வடிகட்டாத காற்று அந்த வழியாக நுழையும்.

5. த்ராட்டில் வாயிலிருந்து துணியை எடுங்கள். எல்லா க்ளாம்ப்பையும் முதலில் தளர்வாக மாட்டி, குழாய், பெட்டி, ஃபில்டர் மூன்றும் நேராக நின்றபின் இறுக்குங்கள். ஒரு முனையை முதலிலேயே இறுக்கிவிட்டால் மறுமுனை இழுபட்டு நிற்கும். சில வாரத்தில் அங்கே வாய் திறக்கும்.

6. விசிறி, பெல்ட், பானட் எதையும் குழாய் தொடக் கூடாது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது எஞ்சின் தன் மவுண்டில் சாயும், ஒன்றிரண்டு செ.மீ. இடைவெளி வேண்டும். பானட் அடைப்பு ரப்பரைச் சோதிக்க, அதன் மேல் கொஞ்சம் கிரீஸ் தடவி பானட்டை மூடித் திறங்கள். கிரீஸ் தடம் எங்கே விட்டுப்போயிருக்கிறதோ அங்கே வெப்பக் காற்று நுழையும்.

7. கடைசியாக, பேட்டரியை மீண்டும் இணையுங்கள்.

பழைய ஏர் பாக்ஸைத் தூக்கிப் போடாதீர்கள். ஸ்மாக் சோதனைக்கோ வண்டியை விற்கவோ தேவைப்படும்.

10. மாட்டியபின்

பேட்டரியைக் கழற்றியதால் ஃபியூயல் ட்ரிம்மும் உமிழ்வுச் சோதனைக்கான மானிட்டர்களும் (கம்ப்யூட்டர் தன்னையே சோதித்துக் குறித்த முடிவுகளும்) அழிந்திருக்கும். சில நாள், நூறு மைல் வாக்கில் சாதாரணமாக ஓட்டுங்கள். மறுநாளே ஸ்மாக் சோதனைக்குப் போனால் 'தயாரில்லை' என்று திருப்பி அனுப்புவார்கள். முதல் நூறு மைலுக்குப் பின் க்ளாம்ப்களை ஒருமுறை மீண்டும் இறுக்குங்கள். சிலிக்கோன் சூடு பட்டு அமுங்கியிருக்கும்.

அதன்பின் 2ஆம் பகுதியின் மூன்று அளவுகளையும், அதே சாலையில், ஏறத்தாழ அதே வெப்பநிலையுள்ள நாளில் திரும்ப எடுங்கள்.

ஃபியூயல் ட்ரிம் பழையதைவிட 5 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தால் முதலில் கசிவைத் தேடுங்கள்: மாஃபுக்கும் த்ராட்டிலுக்கும் இடையிலான க்ளாம்ப், கிராங்க்கேஸ் குழல், சென்சார் அடிப்பகுதி. கசிவில்லை என்றால் விட்டம் பொருந்தவில்லை. கிட்டைத் திருப்பிக் கொடுங்கள். திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் இந்த அளவுகளை எடுத்துவிடுவது அதற்காகத்தான்.

60 மைல் வேகத்தில் காற்றின் வெப்பநிலை பழைய பெட்டியைவிடக் கூடியிருந்தால் அடைப்பு ரப்பர் எங்கோ விட்டிருக்கிறது. நிற்கும்போது மட்டும் சில டிகிரி கூடினால் கவலை வேண்டாம்.

கடைசிச் சோதனைக்குக் கருவி வேண்டாம். ஐந்நூறு மைல் ஓடியபின் ஃபில்டரைக் கழற்றி, அதற்கு அப்பால் குழாயின் உள்சுவரை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி வெள்ளையாக வந்தால் கிட் தன் வேலையைச் செய்கிறது. பழுப்புத் தூசி வந்தால் ஃபில்டரின் கழுத்து க்ளாம்ப்பைப் பாருங்கள். அதைச் சரிசெய்து மறுபடி துடைத்தும் தூசி வந்தால், அன்றைக்கே பழைய ஏர் பாக்ஸைத் திரும்ப மாட்டிவிடுங்கள்.